பீமன் உட்கார்ந்த வீடு

பாரதம் நடக்கிற பதினெட்டு நாளிலும் பிள்ளைகளுக்கு மிகவும் பிடித்தது பகாசுரன் நாள்தான். அன்றைக்குக் கூத்து மேடையில் நடக்காது. பட்டப்பகலில் தெருவிலேயே நடக்கும். பீமன் மாட்டுவண்டியில் சோற்றுக் குவியலுக்கு நடுவே உட்கார்ந்து வருவான். வழியில் ஒவ்வொரு வீட்டுக்காரரும் சோறும் குழம்பும் பழமும் கொண்டுவந்து வண்டியில் வைப்பார்கள். அவன் ஒரு வாய் தின்பான், அடுத்த கைப்பிடியை எடுத்துக் கூட்டத்தின் மேல் வீசுவான். சோறு தலையில் விழுந்த பிள்ளைகள் அதை உதறாமல் அப்படியே ஏரிக்கரைக்கு ஓடுவார்கள். அங்கே பகாசுரன் வாயில் இரண்டு மரப்பல்லைக் கவ்விக்கொண்டு பசியோடு காத்திருப்பான்.

பொம்மிடியிலிருந்து மலைப்பக்கம் போகிற சாலையில் இருக்கும் அந்த ஊரில் இதற்கென்று ஒரு முறை உண்டு. வண்டி கோயில் வாசலிலிருந்து கிளம்பாது. மேலத்தெருவில் உள்ள பத்தொன்பது வீடுகளில் ஒன்றிலிருந்து கிளம்பும். வருடத்துக்கு ஒரு வீடு. குந்தியும் அவளுடைய ஐந்து பிள்ளைகளும் ஏகசக்கரபுரத்தில் குடியிருந்த வீடு எது என்றால், முறை வந்த அந்த வீடுதான். குந்தி வேஷம் கட்டியவர் முதலில் வந்து அங்கே மணைமேல் உட்காருவார். பிறகு பீமன் வந்து எதிர் மணையில் உட்காருவான். வீட்டுக்காரர்கள் அவனுக்குச் சோறு போடுவார்கள். அவன் தின்று முடித்ததும், போய்வா என்று குந்தி வாய்திறந்து சொல்ல வேண்டும். அவள் சொல்லாமல் பீமன் மணையை விட்டு எழக் கூடாது. அவன் கிளம்பாமல் குந்தியும் எழக் கூடாது. யாரும் இதுவரை மீறியதில்லை. மீறினால் என்ன ஆகும் என்று யாருக்கும் தெரியாது, ஆனால் தெரிந்துகொள்ளவும் யாரும் விரும்பவில்லை.

இந்த வருடம் முறை காவியாவின் வீட்டுக்கு வந்தது.

காவியாவுக்குப் பன்னிரண்டு வயது. போன தடவை முறை வந்தபோது அவள் அப்பா கோவிந்தனுக்கு இளவயது. அன்றைக்குப் பீமனுக்குச் சோறு போட்டது தன் கைதான் என்பதை அவர் ஊரில் ஒருவர் பாக்கியில்லாமல் சொல்லியிருந்தார். மறுபடி முறை வரும்போது என்னென்ன செய்வது என்று இரண்டு வருடங்களாகத் திட்டம் போட்டார். வண்டிக்குக் கட்ட சித்தேரி மலைக்காரர் ஒருவரிடம் செவலைக் காளை ஜோடி ஒன்றைப் பேசி வைத்தார். கத்தரிக்காய்க் குழம்பா, பூசணிக்காய்க் குழம்பா என்று காவியாவின் அம்மா சுகுணாவோடு தினமும் வாக்குவாதம் செய்தார். குழம்பு முடிவாகும் முன்பே, கார்த்திகை மாதத்தில், மூன்று நாள் காய்ச்சலில் இறந்துபோனார்.

சித்திரையில் திருவிழா நோட்டீஸ் அச்சாகி வந்தது. அதில் பகாசுரன் நாளுக்கு நேராக, ‘முறை: கோவிந்தன் வீடு’ என்றே இருந்தது. பழைய வரிசையைப் பார்த்து யாரோ எழுதிக் கொடுத்துவிட்டார்கள். ஒரு வாரம் கழித்து ஊர்க்கவுண்டர் மாதவராஜ் வீட்டுக்கு வந்தார். நல்ல மனிதர். வாசலிலேயே நின்று, துண்டை இந்தத் தோளிலிருந்து அந்தத் தோளுக்கு நாலு முறை மாற்றிய பிறகுதான் பேச்சு வந்தது. வருடம் திரும்பாத வீட்டிலிருந்து, அதுவும் ஆண் துணை இல்லாத வீட்டிலிருந்து, சாமி வண்டி கிளம்பினால் சரிப்படாது என்று பெரியவர்கள் நினைக்கிறார்களாம். அடுத்த வீடான சிவக்குமார் வீட்டுக்கு முறையை மாற்றிவிட்டார்களாம். சுகுணா, “சரிங்க” என்று மட்டும் சொன்னாள்.

முறை ஒரு வீட்டைத் தாண்டினால் தாண்டியதுதான். அடுத்த வருடத்துக்குத் தள்ளி வைப்பதெல்லாம் கிடையாது. வரிசை முழுவதும் சுற்றி மறுபடி வரும்போது தனக்கு என்ன வயதாகும் என்று காவியா கணக்குப் போட்டுப் பார்த்தாள். முப்பத்தொன்று. அப்போது அவள் எந்த ஊரில் இருப்பாளோ, இந்த வீட்டில் யார் இருப்பார்களோ. அப்பாவின் வீட்டிலிருந்து வண்டி கிளம்புவதை அவள் பார்க்க வேண்டுமென்றால் அது இந்த வைகாசியில்தான். அது இப்போது இல்லையென்று ஆகிவிட்டது. அம்மாவுக்கு எப்படி ‘சரிங்க’ என்று சொல்ல வாய் வந்தது என்று அவளுக்குக் கோபமாக இருந்தது.

பகாசுரன் நாளுக்கு முந்தின பகல், கோயில் பந்தலில் பாரதம் சொல்லுகிற ஐயா அந்தக் கதையைச் சொன்னார். காவியா போய் முன்வரிசையில் உட்கார்ந்தாள். அம்மா வரவில்லை, வீட்டில் வேலை இருக்கிறது என்றாள்.

அரக்கு மாளிகைக்குத் தப்பிய குந்தியும் பிள்ளைகளும் ஏகசக்கரபுரத்துக்கு வந்து, ஓர் ஏழைப் பிராமணர் வீட்டில் ஒண்டுக் குடித்தனம் இருக்கிறார்கள். தாங்கள் யார் என்று சொல்லவில்லை. பிள்ளைகள் ஐந்து பேரும் ஊரில் பிச்சை எடுத்துவந்து தாயிடம் கொடுக்கிறார்கள். அவள் அதை இரண்டாகப் பிரிக்கிறாள். ஒரு பாதி பீமனுக்கு. மறு பாதியைத்தான் மற்ற ஐந்து பேரும் பங்கிட்டுக்கொள்ள வேண்டும். அப்படியும் பீமனுக்கு வயிறு நிறையவில்லை. குயவர் ஒருவர் அவன்மேல் இரக்கப்பட்டுப் பெரிய பானை ஒன்று செய்து கொடுத்தாராம். பானை பெரிதானது, பிச்சை பெரிதாகவில்லை என்று ஐயா சொன்னபோது பந்தலே சிரித்தது.

ஒரு நாள் வீட்டுக்காரர்களின் அறையிலிருந்து அழுகைச் சத்தம் கேட்கிறது. குந்தி காதுகொடுத்துக் கேட்கிறாள். ஊருக்கு வெளியே காட்டில் பகாசுரன் என்று ஓர் அரக்கன். வாரம் ஒரு வண்டிச் சோறும், இரண்டு எருமையும், வண்டி ஓட்டிவரும் ஓர் ஆளும் அவனுக்குத் தீனி. ஒவ்வொரு வீடும் முறைவைத்து அனுப்ப வேண்டும். நாளைக்கு இந்த வீட்டு முறை. நான் போகிறேன் என்கிறார் தகப்பன். நீங்கள் போனால் இந்தப் பிள்ளைகளை யார் காப்பாற்றுவது, நான் போகிறேன் என்கிறாள் தாய். எப்படியும் ஒரு நாள் இந்த வீட்டை விட்டு அனுப்பப்போகிற பெண்தானே நான், என்னை இப்போதே அனுப்பிவிடுங்கள் என்கிறாள் மகள். மூன்று பேரும் கட்டிக்கொண்டு அழுகிறார்கள். பேச்சு சரியாக வராத சின்னப் பையன் ஒருவன், தரையில் கிடந்த புல்லை எடுத்துக்கொண்டு, இதால அவனைக் குத்திக் கொன்னுடுவேன் என்கிறான். அழுதுகொண்டிருந்தவர்கள் சிரித்துவிடுகிறார்கள்.

அந்த நேரத்தில்தான் குந்தி உள்ளே போகிறாள். உங்களுக்கு ஒரே பையன், எனக்கு ஐந்து பேர், ஒருவனை நான் அனுப்புகிறேன் என்கிறாள். விருந்தாளியைச் சாகக் கொடுப்பதா என்று அவர்கள் பதறுகிறார்கள். அவள் விடவில்லை. நமக்கு இடம் கொடுத்தவர்கள் அழும்போது நாம் சும்மா இருக்கக் கூடாது என்று பீமனிடம் சொல்கிறாள். ஒரு வண்டிச் சோறு என்று கேட்டதுமே பீமனின் முகம் மலர்ந்துவிட்டது. மறுநாள் காட்டுக்குப் போனவன், பகாசுரனுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டு அவனுடைய சோற்றையே தின்ன ஆரம்பித்தான். அரக்கன் ஓடிவந்து இரண்டு கையாலும் முதுகில் குத்தினான். பீமன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அரக்கன் மரத்தைப் பிடுங்கி அடித்தான். பீமன் இடது கையால் அதைத் தடுத்துக்கொண்டு வலது கையால் தின்றான். கடைசிப் பருக்கைவரை தின்று, கை கழுவி, வாய் கொப்பளித்த பிறகுதான் எழுந்து, சரி வா என்றான்.

கதை முடிந்ததும் காவியா நேராக வீட்டுக்கு வந்தாள்.

மறுநாள் பதினோரு மணிக்கு மேளக்காரர்களும் ஊர்ச் சனமும் மேலத்தெருவின் கோடியில் உள்ள சிவக்குமார் வீட்டு வாசலில் கூடிவிட்டார்கள். அடுத்த வீடு என்று பெயர்தானே தவிர, நடுவில் மஞ்சள் போட்டிருந்த கொல்லையும் களமும் கிடந்தன. சிவக்குமாரின் அம்மா சென்னம்மாள் விடியற்காலையிலேயே எழுந்து மூன்று படி அரிசி வடித்திருந்தாள். குந்தி வேஷக்காரரும் வந்து மணையில் உட்கார்ந்தாயிற்று. பீமனைத்தான் காணவில்லை.

பீமன் வேஷம் கட்டுகிற அருண்குமார் திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை செய்பவன். விடுப்புக் கிடைக்காமல் அன்று காலை ரயிலில் கிளம்பியிருந்தான். ரயில் சேலத்தில் வெகுநேரம் நின்றது, அடுத்த ஸ்டேஷனிலும் நின்றது. பொம்மிடியில் இறங்கி ஆட்டோ பிடித்து வந்து, பள்ளிக்கூடத்தில் அவசர அவசரமாக முகத்துக்குச் சிவப்பு அப்பி, புஜக்கட்டையும் சலங்கையும் கட்டிக்கொண்டபோது, அவனோடு வர வேண்டியவர்கள் எல்லாரும் முன்னால் போய்விட்டிருந்தார்கள். முறை மாறிய விஷயம் அவனிடம் யாரும் சொல்லவில்லை. அவனிடம் இருந்தது நோட்டீஸ் ஒன்றுதான். கதாயுதத்தைத் தோளில் தூக்கிக்கொண்டு, குறுக்குவழியாக வரப்பிலேயே ஓடிவந்தான். அந்தப் பக்கமாக வந்தால் முதலில் எதிர்ப்படுவது காவியாவின் வீடு.

காவியா வாசல்படியில் உட்கார்ந்து தூரத்து மேளச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தாள். சலங்கைச் சத்தம் கேட்டுத் திரும்பினால், கிரீடமும் கதையுமாக வேர்வை சொட்டச் சொட்ட பீமன் நிற்கிறான்.

“பாப்பா, கோவிந்தன் வூடு இதுதானே?”

அவள் அவனைப் பார்த்தாள். அது கோவிந்தன் வீடுதான். அதில் பொய் ஒன்றும் இல்லை. அதற்கு மேல் சொல்ல வேண்டிய ஒன்று இருந்தது.

“ஆமாங்க” என்றாள்.

அவன் கதையைச் சுவரில் சாத்திவிட்டு உள்ளே வந்தான். மணை எங்கே என்று கேட்டான். காவியா சாமி மாடத்துக்குப் பக்கத்தில் இருந்த மணையை எடுத்துப் போட்டாள். பீமன் உட்கார்ந்தான். சலங்கைச் சத்தம் நின்றது.

ஆட்டுக்குத் தழை போட்டுவிட்டுக் கொல்லைப்பக்கமிருந்து வந்த சுகுணா நடுவீட்டில் பீமனைப் பார்த்துத் திகைத்து நின்றாள். காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லை, சோறு எடுத்துவாருங்கள் அக்கா என்று அவன் கேட்டான். யார் உங்களை இங்கே வரச் சொன்னது என்று அவள் கேட்கத்தான் வாயெடுத்தாள். ஆனால் பசி என்று ஒருவன் மணையில் உட்கார்ந்து கேட்கும்போது அதைக் கேட்க அவளுக்கு மனம் வரவில்லை. அவள் வீட்டில் அன்றைக்குச் சோறு இல்லை. கேழ்வரகுக் களியும் கீரைக் கடைசலும்தான் இருந்தன. அதைப் போட்டாள். அருண்குமார் முதல் உருண்டையைக் கண்ணை மூடிக்கொண்டு விழுங்கினான். இரண்டாவதையும் விழுங்கினான். திருப்பூர் மெஸ்ஸில் இதெல்லாம் கிடைப்பதில்லை என்று சொல்லிவிட்டு மூன்றாவதற்குக் கை நீட்டினான். வாயைச் சுற்றியிருந்த சிவப்புச் சாயம் பச்சையாகிவிட்டது.

எதிர்வீட்டுக்காரர் சன்னல் வழியாக இதைப் பார்த்துவிட்டு சிவக்குமார் வீட்டுக்கு ஓடினார். அடுத்த நிமிடம் ஊரே இங்கே இருந்தது.

ஊர்க்கவுண்டர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். பீமனை எழுந்து வரச் சொன்னார். அருண்குமார் மறுத்துவிட்டான். மணையில் உட்கார்ந்தவன் குந்தி சொல்லாமல் எழுந்தால் கூத்து வாத்தியார் தன் சலங்கையைப் பிடுங்கிக்கொள்வார் என்றான். சரி, குந்தியை இங்கே கூட்டிவாருங்கள் என்று ஆள் போயிற்று. போன ஆள் தனியாகத் திரும்பி வந்தான். பீமன் கிளம்பாமல் குந்தி எழக் கூடாதாம். குந்தி அந்த வீட்டில், பீமன் இந்த வீட்டில். இரண்டு மணையும் இருந்த இடத்திலேயே இருந்தன. வண்டி நடுத்தெருவில் வெயிலில் நின்றது.

“குந்தி அங்க குந்திக்கிட்டு இருக்குது, பீமன் இங்க குந்திக்கிட்டு இருக்கான். பகாசுரன் ஏரியில பட்டினி கெடக்கான்” என்று யாரோ பின்னாலிருந்து சொல்ல, கூட்டம் சிரித்தது. ஊர்க்கவுண்டர் சிரிக்கவில்லை.

“இவனை உள்ள உட்டது யாரு?” என்று கேட்டார்.

எல்லாரும் சுகுணாவைத் திரும்பிப் பார்த்தார்கள். அம்மாதான் ஏதோ செய்துவிட்டாள் என்று எல்லாரும் நினைப்பது அவர்கள் பார்வையிலேயே தெரிந்தது. காவியாவால் அதைத் தாங்க முடியவில்லை.

“நாந்தாங்க. கோவிந்தன் வூடான்னு கேட்டாரு. ஆமான்னேன்.”

“முறையை மாத்துனது உனக்குத் தெரியாதா?”

“தெரியுங்க.”

ஊர்க்கவுண்டரின் துண்டு மறுபடி தோள் மாறியது. பாரதம் சொல்லுகிற ஐயாவைக் கூட்டிவந்தார்கள். அவர் பகல் தூக்கத்திலிருந்து எழுந்து வந்தவர் போலிருந்தார். நடந்ததைக் கேட்டார். களி தின்றுகொண்டிருந்த பீமனைப் பார்த்தார். பிறகு சுகுணாவைப் பார்த்து, நீ என்னம்மா சொல்கிறாய் என்றார். அதுவரை யாரும் அவளைக் கேட்டிருக்கவில்லை.

சுகுணா முந்தானையைத் தோள்மேல் இழுத்துப் போர்த்திக்கொண்டாள்.

“நான் என்னாங்க சொல்றது. வருசம் திரும்பாத வூடுன்னாங்க, ஆம்பளை இல்லாத வூடுன்னாங்க. சரின்னேன். நேத்து நீங்க கதை சொன்னது ஸ்பீக்கருல இங்க வரைக்கும் கேட்டுது. ஆட்டுக்குத் தழை போட்டுக்கிட்டே கேட்டேன். குந்திக்கு மட்டும் வூட்டுக்காரரு இருந்தாராங்க? அவ சொல்லித்தானே வண்டி போச்சு?”

காவியா அம்மாவைப் பார்த்தாள். இவ்வளவு பேசி அவள் கேட்டு மாதங்கள் ஆகியிருந்தன.

ஐயா தாடையைத் தடவினார். நாற்பது வருடமாக இந்தக் கதையைச் சொல்கிறேன், பாண்டு போன பிறகு குந்தி தனியாளாக ஐந்து பிள்ளைகளை வளர்த்தாள் என்று என் வாயாலேயே ஆயிரம் தடவை சொல்லியிருக்கிறேன் என்றார். அழுகைச் சத்தம் கேட்ட வீட்டிலிருந்துதான் அன்றைக்கு வண்டி கிளம்பியது, சிரித்துக்கொண்டிருந்த வீட்டிலிருந்து இல்லை என்றும் சொன்னார். “கதையில இருக்குறதைத்தான் அந்தப் பொண்ணு சொல்லுது, கவுண்டரே. நான் மாத்திச் சொல்ல முடியாது.”

ஊர்க்கவுண்டர் சென்னம்மாளைத் திரும்பிப் பார்த்தார். மூன்று படி அரிசி வடித்தவள் அவள். அவள் ஒரு வார்த்தை எதிர்த்தால் இது இதோடு முடியாது என்று எல்லாருக்கும் தெரியும். சென்னம்மாள் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாள்.

“என்னை எதுக்குப் பாக்குறீங்க? எங்க முறை அடுத்த வருசம், அது எங்கயும் போயிடாது. ஆனா ஒண்ணு, அடுத்த வருசம் நான் அடுப்புக்கிட்ட போவ மாட்டேன். இந்த சுகுணாதான் வந்து மூணு படியும் வடிக்கணும். அடுப்புல வெந்து எழுந்தவளுக்குத்தான் தெரியும் கஷ்டம்.”

“வந்து வடிக்கிறேங்க்கா” என்றாள் சுகுணா.

“அப்ப மாட்டை ஓட்டுங்க. வெயில்ல நிக்குதுங்க பாவம்.”

காளைகளைத் தட்டி வண்டியை இந்த வாசலுக்குக் கொண்டுவந்தார்கள். மேளக்காரர்கள் தோல்வாரை இழுத்துக் கட்டினார்கள். இனி குந்தியின் சொல் ஒன்றுதான் பாக்கி. அதைச் சொல்ல வேண்டியவர் இன்னும் அந்த வீட்டு மணையில் இருந்தார். என்ன செய்வது என்று ஊர்க்கவுண்டர் ஐயாவைப் பார்த்தார். ஐயா சுகுணாவைக் கைகாட்டினார்.

சுகுணா மணைக்கு எதிரே தரையில் உட்கார்ந்தாள். வசனம் எதுவும் அவளுக்குத் தெரியாது. நேற்று காதில் விழுந்தது மட்டும்தான் தெரியும். பீமனின் கையில் ஒட்டியிருந்த களியைக் காட்டி முதலில் கை கழுவச் சொன்னாள். அவன் கழுவினான்.

“நமக்கு எடம் குடுத்தவங்க அழுவறாங்கடா, பீமா” என்றாள். அங்கே கொஞ்சம் குரல் தடுமாறியது. “நாம சும்மா இருக்கக் கூடாது. வண்டியை எடுத்துக்கிட்டுப் போ. போயிட்டுப் பத்திரமா வா.”

அருண்குமார் எழுந்தான். ஆனால் வழக்கமாகப் போடுகிற குதியாட்டத்தைப் போடவில்லை. குனிந்து அவள் காலைத் தொட்டுக் கும்பிட்டான். அதன் பிறகுதான் கதையைச் சுழற்றிக்கொண்டு ஒரே தாவலில் வண்டியில் ஏறினான். மேளம் முழங்கியது. சுகுணா மீதி இருந்த இரண்டு களி உருண்டைகளையும் வாழையிலையில் வைத்துக் காவியாவின் கையில் கொடுத்தாள். அந்த வருடம் வண்டியில் ஏறிய முதல் சாப்பாடு கோவிந்தன் வீட்டுடையது. காவியாதான் ஏற்றினாள்.

வண்டி சிவக்குமார் வீட்டுக்கு வந்தபோது குந்தி வேஷக்காரர் சேலையை முழங்காலுக்குத் தூக்கிச் செருகிக்கொண்டு வெளியே ஓடிவந்தார். முப்பது வருடமாகத் தான் பேசிய வசனத்தை ஒரு பெண்பிள்ளை பேசிவிட்டாளே என்று அவருக்குக் குறை. அதை எப்படிப் பேசினாள் என்று நாலு பேரைக் கேட்டுத் தெரிந்துகொண்டார். பிறகு களி ஏதாவது மிச்சம் இருக்கிறதா என்று கேட்டார்.

மூன்று படிச் சோறும் வண்டியில் ஏறியது. வீட்டுக்கு வீடு சட்டியும் தூக்குவாளியும் வந்தன. இதில் ஒரு சங்கடம். நாலைந்து உருண்டைக் களியை ஒரே மூச்சில் தின்ற பீமனுக்கு அதன் மேல் ஒரு பருக்கைகூட இறங்கவில்லை. ஏரிக்கரையில் பகாசுரனுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தவன், தின்பதுபோல் வாயை மட்டும் அசைத்துக்கொண்டு சோற்றைக் கைப்பிடி கைப்பிடியாகப் பிள்ளைகள் மேலேயே வீசினான். எந்த வருடமும் இவ்வளவு சோறு விழுந்ததில்லை. பகாசுரன் முதுகில் குத்தியபோது ஏப்பம் ஒன்று வந்தது. அது வேஷத்தில் சேர்ந்ததா, நிஜமா என்று பிள்ளைகள் வாரக்கணக்கில் சண்டை போட்டார்கள். கடைசியில் பகாசுரன் மரப்பல்லைத் துப்பிவிட்டு மண்ணில் மல்லாந்து விழுந்தான். வண்டியில் மிஞ்சியதையெல்லாம் ஒன்றாகப் பிசைந்து ஊருக்கே உருண்டை பிடித்துக் கொடுத்தார்கள். கத்தரிக்காய்க் குழம்பும் பூசணிக்காய்க் குழம்பும் சாம்பாரும் ஒன்றாகக் கலந்த அந்தச் சோற்றுக்கு ஒரு தனி ருசி உண்டு.

அம்மாவும் மகளும் கரைமேல் உட்கார்ந்து தின்றார்கள். காவியாவின் தலைமுடியில் பருக்கைகள் ஒட்டியிருந்தன. சுகுணா ஒன்றொன்றாக எடுத்து எறிந்தாள்.

“தெரிஞ்சேதான் ஆமான்னியா?”

காவியா தலையை ஆட்டினாள். திட்டு விழும் என்று காத்திருந்தாள்.

“பயமா இல்லையா?”

“இருந்துச்சும்மா.”

கீழே அருண்குமார் கிரீடத்தைக் கழற்றிவிட்டு முகம் கழுவினான். சிவப்பும் பச்சையும் தண்ணீரில் கரைந்து போயின.

“எனக்கும்தான் இருந்துச்சி” என்றாள் சுகுணா. தன் உருண்டையில் பாதியைப் பிட்டு மகளின் கையில் வைத்தாள்.